ஞாயிற்றின் வரவும் ஞாலத்தின் செலவும்

ஞாயிறின்றி ஞாலமில்லை என்பது சிறுவரும் அறிந்த உண்மை. ஆயின், ஞாயிறு தரும் வெப்பத்தை ஞாலம் என்ன செய்கின்றது என்னும் வினாவுக்கு விடை கூறவல்லார் நம்மிடையே பலரல்லர். நாள்தோறும் வெயில் வந்துகொண்டேயிருக்கவும், பூமி சூடேறிச் சூடேறி உருகிப் போகாதது ஏன்? இரவு முழுதும் வெயிலே இல்லாதிருக்கவும், அது உறைந்து கல்லாகாதது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. பூமி தான் பெற்ற வெப்பத்தைத் திரும்பக் கொடுத்துவிடுகின்றது. அங்ஙனம் கொடுக்குங்கால் சற்றே தாமதித்துக் கொடுக்கின்றது. இக்கொடுக்கல் வாங்கற் கணக்கை ஈண்டு ஒழுங்குபட எழுதிப் பார்ப்போம்.

தமிழாசிரியர்க்கு இக்கணக்கில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவுதல் கூடும். காலநிலை மாற்றம் பற்றிய செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றது. மாணவரும் ‘பச்சைவீட்டு விளைவு’ என்னுந் தொடரை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதுகின்றனர். ‘அஃது யாது?’ என்று வினவினாலோ, வாய் வாளாதிருக்கின்றனர். சொல்லை அறிந்தும் பொருளை அறியாமை மொழிக்கல்வியின் குறையேயாம். ஆதலின், அக்குறையை நீக்குதல் எமக்கும் உரிய பணியென்று கொண்டோம்.

வரவு

ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு வெப்பநிலை உடையது. அங்கிருந்து புறப்படுங் கதிர்கள் சராசரியாக 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தை எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் கடந்து நம்மை அடைகின்றன. வளிமண்டலத்தின் உச்சியிலே, அக்கதிர்களுக்கு நேரெதிராகப் பிடிக்கப்பட்ட ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின் மீது 1,361 உவாற்றுச் சக்தி வந்து விழுகின்றது.

ஆயின், பூமி தட்டையான பலகையன்று, உருண்டை. அதன் ஒரு பாதியில் எக்காலமும் இரவு. பகலாயுள்ள பாதியிலும் நடுவே கதிர்கள் நேராகவும், ஓரங்களிற் சாய்வாகவும் விழுகின்றன. உருண்டையொன்றின் மேற்பரப்பு, அதே ஆரையுடைய வட்டத்தின் பரப்பைப்போல் நான்கு மடங்கினதாதலின், 1,361 ஐ நான்கால் வகுத்தல் வேண்டும். ஆகவே, உலகம் முழுவதற்கும் இரவு பகல் எல்லாவற்றிற்கும் பொதுவான சராசரி வரவு, சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 340 உவாற்று ஆகும்.

இவ்வரவு முழுவதும் கைக்கு வந்து சேர்வதில்லை. முகில்களும் பனிப்பரப்பும் மணலும் ஏறத்தாழ 100 உவாற்றை வந்த வழியே தெறித்துத் திருப்பி விடுகின்றன. எஞ்சிய 240 உவாற்றே பூமி உண்மையாக உட்கொள்ளும் வருமானம்.

செலவு

கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு முதலிற் செக்கச்செவேலென ஒளிரும். சற்று நேரத்தில் ஒளி மறைந்துவிடும். எனினும் அதன் அருகே கையை நீட்டினால் வெப்பம் தாக்கும். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களையே செந்நிறக் கீழ்க் கதிர்கள் என்கின்றோம். வெப்பமுள்ள எப்பொருளும் கதிர் வீசும். வெப்பம் மிக்க பொருள் குறுகிய அலைநீளமுடைய கதிர்களையும், வெப்பங் குறைந்த பொருள் நீண்ட அலைநீளமுடைய கதிர்களையும் பெரிதும் வீசும். ஆதலினாலே ஞாயிறு ஒளியாகக் கொடுப்பதைப் பூமி செந்நிறக் கீழ்க் கதிராகத் திருப்பிக் கொடுக்கின்றது.

எவ்வளவு வெப்பநிலையில் எவ்வளவு கதிர் வெளிப்படும் என்பதற்கு 1879 ஆம் ஆண்டில் ஸ்ரெபான் என்னும் அறிஞர் ஒரு விதி கண்டார். அவ்விதியின்படி, 240 உவாற்றை வாங்கி 240 உவாற்றையே திருப்பிக் கொடுக்கும் உருண்டை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இருத்தல் வேண்டும். அஃதாவது, கடலெல்லாம் பனிக்கட்டி. ஆயின், பூமியின் மேற்பரப்பினது சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 15 பாகை. இடையிலுள்ள 33 பாகை எங்கிருந்து வந்தது?

இவ்வினாவின் அருமையைச் சந்திரனை நோக்கின் உணரலாம். சந்திரனும் ஞாயிற்றிலிருந்து நாம் இருக்கும் தூரத்திலேயே உளது. ஆயினும் அங்கே நண்பகலில் வெப்பநிலை 100 பாகையைக் கடக்கும். இரவிலோ பூச்சியத்துக்குக் கீழே 100 பாகையினும் தாழும். அங்கு இல்லாததும் இங்கு உள்ளதும் வளிமண்டலமே.

வளியின் போர்வை

வளிமண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது என்னுங் கருத்தை 1824 ஆம் ஆண்டில் பிரான்சிய கணித அறிஞர் யோசேப்பு பூரியே எழுதினார். 1856 இல் அமெரிக்கப் பெண்மணி யூனிசு பூட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு உள்ள குழாயே மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859 இல் யோன் தின்டல் இலண்டனில் நுட்பமான கருவி கொண்டு அளந்து, ஒட்சிசனும் நைதரசனும் வெப்பக் கதிரைத் தடையின்றிச் செல்லவிடுகின்றன, நீராவியும் காபனீரொட்சைட்டுமே அதனை உறிஞ்சுகின்றன எனக் காட்டினார்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மூலக்கூற்றின் அமைப்பாகும். ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்த ஒட்சிசனும் நைதரசனும் அதிர்ந்தாலும், அவற்றின் மின்னேற்றச் சமன் குலைவதில்லை. ஆதலின் செந்நிறக் கீழ்க் கதிர் அவற்றைப் பற்றுவதில்லை. மூன்று அணுக்கள் கொண்ட நீராவியும் காபனீரொட்சைட்டும் வளைந்தும் நெளிந்தும் அதிரும்போது அச்சமன் குலைகின்றது. ஆகவே அவை கதிரை உறிஞ்சுகின்றன, மீண்டும் வீசுகின்றன.

‘வளியில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்கேயுள்ள காபனீரொட்சைட்டு இத்துணைப் பெருஞ்செயலைச் செய்யுமோ?’ என்று ஐயுறுவார் உளர். வெள்ளை வேட்டி அலசும் வாளி நீரில் எத்துணை நீலம் இடுகின்றோம் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக. நீர் ஒளியைத் தடுப்பதில்லை. இட்ட நீலமே தடுக்கின்றது. ஆதலின், நீரின் பெருக்கை எண்ணி நீலத்தின் வலிமையை அளத்தல் தகாது.

வீட்டுக்குள் நடக்கும் கணக்கு

மேலே கூறிய 240 உவாற்றில், ஏறத்தாழ 80 ஐ வளியும், 160 ஐ நிலமும் நீரும் ஏற்கின்றன. ஆயின், தரையோ இவ்வரவினும் மிகப் பெரிதாக, ஏறத்தாழ 400 உவாற்றைக் கதிராக வீசுகின்றது. ‘240 வந்த வீட்டில் 400 செலவாவது எங்ஙனம்?’ என்று கூரிய மாணவர் வினவுவர். அது முறையான வினாவே.

தரையின் ஏட்டைப் பார்ப்போம். ஞாயிற்றிலிருந்து வரவு 160, வளி கீழ்நோக்கி வீசுங் கதிரால் வரவு 340, கூட்டுத்தொகை 500. செலவோ, கதிராக 400, நீர் ஆவியாதலால் 80, சூடான காற்று எழுதலால் 20, கூட்டுத்தொகை 500. சரியாகின்றது.

இனி, வளியின் ஏடு. ஞாயிற்றிலிருந்து 80, ஆவியால் 80, சூடான காற்றால் 20, தரை வீசிய 400 இல், நேரே விண்ணுக்குத் தப்பும் 40 போக 360, கூட்டுத்தொகை 540. இதில் 340 ஐக் கீழேயும், 200 ஐ மேலேயும் வீசுகின்றது. மேலே சென்ற 200 உம் தப்பிய 40 உம் சேர்ந்து 240. வந்தது 240, போனது 240. வீட்டுக்குள்ளே ஒரே காசு பலமுறை கைமாறியதேயன்றி, புதுக்காசு எதுவும் உண்டாகவில்லை. சக்திக் காப்பு விதி சிறிதும் பிழைபடவில்லை.

பெயரும் பொருளும்

‘பச்சைவீடு’ என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவது. நுவரெலியா முதலாய குளிரிடங்களிற் காணப்படும் பயிர்வீடு சூடாயிருத்தற்குத் தலையாய காரணம், உள்ளே சூடேறிய காற்று வெளியே எழுந்து போகாமையே. வளிமண்டலத்துக்குக் கூரையில்லை, காற்று தங்குதடையின்றி எழுகின்றது. இங்கே நிகழ்வது வேறு. விண்ணுக்குச் செல்லும் கதிர்களிற் பெரும்பகுதி, தரையிலிருந்தன்றி, சராசரியாக ஐந்து கிலோமீற்றர் உயரத்திலிருந்தே விடுபடுகின்றது. அவ்வுயரத்து வெப்பநிலையே நாம் மேலே கண்ட பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. கீழே இறங்குந்தோறும் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை கூடுமாதலின், தரைக்கு வரும்போது 33 பாகை கூடிவிடுகின்றது.

காபனீரொட்சைட்டு மிகுந்தால், கதிர் தப்பும் இடம் இன்னும் உயரே செல்லும். அவ்விடம் இன்னுங் குளிரானது. குளிரானது குறைவாகவே வீசும். செலவு குறைய, வரவு அவ்வாறேயிருக்க, மிச்சம் உள்ளே தங்கித் தரையைச் சூடாக்கும். மறுபடி வரவுஞ் செலவும் ஒத்துவரும் வரை சூடாக்கும். பச்சைவீட்டு விளைவு என்பதன் பொருள் இதுவேயாம்.

இவ்வுண்மையின் ஒரு கூறு நம் முன்னோர் அனுபவத்திலும் உண்டு. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பது பழமொழி. கார்த்திகையில் முகில் மூடிய இரவுகளில் அத்துணைக் குளிரில்லை. முகிலும் நீராவியும் தரையின் கதிரை மறித்துத் திருப்பி வீசுகின்றன. தை பிறந்து மழை ஓய்ந்து வானம் வெளுத்து வளி உலரவே, தரையின் வெப்பம் தடையின்றி விண்ணேறுகின்றது. புல்நுனியிற் பனி கோக்கின்றது. பொருள்களின் மேற் படியும் பனி, அவை இழந்த வெப்பத்தின் சான்று.

கணக்கில் விழுந்த நிலுவை

இதுகாறுங் கூறியது நன்மையே. போர்வையின்றேல் நாமில்லை. ஆயின், போர்வை தடித்துக்கொண்டு வருவதே இன்றைய இடர்.

நிலக்கரியும் கன்னெய்யும் யாவை? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பயிர்களும் நுண்ணுயிர்களும் வெயிலைக் கொண்டு ஆக்கி, மண்ணுள் வைத்துப்போன முதுசம். அம்முதுசத்தை இரு நூற்றாண்டுகளாக மனிதகுலம் எரித்துச் சீவிக்கின்றது. கைத்தொழிற் காலத்துக்கு முன் வளியிலே பத்து இலட்சத்தில் 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சாள்ஸ் கீலிங் 1958 இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஐ எட்டியிருந்தது. 2024 இல் 420 ஐக் கடந்துவிட்டது. இவ்வாயு மிகுந்தால் உலகம் சூடேறும் என்பதைச் சுவீடன் நாட்டு அரீனியசு 1896 ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டியிருந்தார். 2011 முதல் 2020 வரையான பத்தாண்டின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையான காலத்ததினும் ஏறத்தாழ 1.1 பாகை மிகுந்திருந்தது.

‘ஞாயிறே வெப்பம் மிகுந்திருக்கலாகாதோ?’ என்பார்க்கு இரு விடைகள் உள. 1978 முதல் செய்மதிகள் ஞாயிற்றின் வீச்சை அளந்து வருகின்றன. பதினோராண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்களவு ஏறியிறங்குவதன்றி, அதில் தொடர்ந்த ஏற்றமில்லை. மேலும், ஞாயிறு காரணமாயின் வளிமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே சூடேறல் வேண்டும். நிகழ்ந்ததோ, மாறன் மண்டலம் சூடேற, அதன் மேலுள்ள படைமண்டலம் குளிர்ந்தமை. காபனீரொட்சைட்டு மிகுமாயின் இவ்வாறே நிகழும் என மனாபேயும் வெதரால்டும் 1967 இல் கணித்திருந்தனர். மனாபே 2021 இல் பௌதிகவியலுக்கான நோபெற் பரிசு பெற்றார்.

2006 முதல் 2018 வரையான காலத்தில், பூமியின் வரவு செலவினும் சதுர மீற்றருக்குச் சராசரி 0.8 உவாற்று மிகுந்திருந்தது. சிறு தொகைபோலத் தோன்றும் இதனைப் பூமியின் பரப்பு முழுவதாலும் பெருக்கினால், மனிதகுலம் பயன்படுத்தும் சக்தி அனைத்தையும்போல் ஏறத்தாழ இருபது மடங்காகும். இம்மிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குட் புகுகின்றது. சூடேறிய நீர் விரிகின்றது. நிலத்துப் பனிக்கட்டியும் உருகிச் சேர்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்தது.

வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இஃது எங்கோ நிகழும் செய்தியன்று. நம் கிணற்று நன்னீர், சுண்ணக்கல்லின் இடையே உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும் என்பதை நம் கமக்காரர் நன்கறிவர். மேலிருந்து நாம் இறைக்க, பக்கத்தே கடலும் உயருமாயின், நன்னீரின் நிலை என்னாகும்? உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நம் நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றினும் மிகக் குறைவு. செலவழித்தவர் வேறு, கடன் இறுப்பவர் வேறு என்பது இக்கணக்கின் கொடுமை.

எனினும், மனஞ்சோர்தல் கல்விக்கு அழகன்று. வளியிற் சேர்ந்த காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கில் நிற்குமேனும், புதிதாகச் சேர்ப்பது நின்றால், வெப்பநிலையின் ஏற்றமும் ஏறக்குறைய நின்றுவிடும் என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. ஆகவே, இன்று எரியாது விட்ட ஒவ்வொரு தொன் கரியும் கணக்கிற் சேரும். நம்மளவிற் செய்யத்தக்கவையும் பல: குளங்களைத் தூர்வாரி மழைநீரை மண்ணுக்குள் இறக்குதல், கிணற்றை அளவறிந்து இறைத்தல், ஆண்டு முழுதும் குறைவின்றி வரும் வெயிலை மின்னாக்கிக் கொள்ளுதல். இவற்றைத் திறம்படச் செய்தற்குரிய பொறியியலாளரும் கமத்தொழில் அறிஞரும் இம்மலரைக் கையிலேந்தும் மாணவரிடையே இருத்தல் வேண்டும். அவர்கள் தொடரை மனனஞ் செய்தலோடு அமையாது, கணக்கைத் தாமே எழுதிப் பார்ப்பாராக. 340 இலிருந்து தொடங்குக. 240 இல் வந்து முடிகின்றதா என்று காண்க.