மார்பகப் புற்றும் மருத்துவ வழிகளும்

மார்பகக் கட்டியை நாணத்தால் மறைக்கும் நம் குலப் பெண்டிர் பலர், மருத்துவரை நாடின் மார்பையே இழக்க நேருமென அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைத் தெளிவிப்பதே எம் நோக்கம். அமெரிக்காவில் பெர்னார்ட் பிஷர் குழுவினர் 1976இல் தொடங்கிய ஆய்வு, 4 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பை முழுதும் நீக்கினாலும் உயிர்வாழும் வாய்ப்பில் வேறுபாடில்லை என 2002இல், 20 ஆண்டு முடிவுகளால் மெய்ப்பித்தது. எனினும் கதிர்வீச்சை விடுத்தோர்க்கு அதே மார்பில் நோய் மீள்வது மிகுதி. பாதியில் நிறுத்துதல் தகாது. ஹார்மோன் சார்ந்த கட்டிக்குத் தமாக்சிபென் போன்ற மாத்திரைகளும், ஹெர்-2 மிகுந்ததற்கு டிராஸ்டுசுமாப் ஊசியும் உள. எது எவர்க்கு என்பதைத் திசு ஆய்வே உரைக்கும். பெண் மருத்துவர் கிட்டாவிடத்து ஆண் மருத்துவரிடம் காட்ட, நிர்ப்பந்தம் கருதி மார்க்கம் இடமளிக்கின்றது. இதனை உலமாப் பெருமக்கள் ஜும்ஆ மேடையிலேயே எடுத்துரைக்க வேண்டுகிறோம்.