வாசலில் ஒரு வீட்டுவண்டி

அன்புள்ள மருமானுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. உன் கடிதமும் அதனோடு வந்த புகைப்படமும் கிடைத்தன. இருபத்தாறு அடி நீளமுள்ள அந்தப் பழைய டிரெய்லரின் படிக்கட்டில் குழந்தைகள் இருவரும் அமர்ந்திருக்கிற கோலத்தைக் கண்டு உன் அத்தை அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. விலை நியாயமா, கூரையில் ஒழுக்கு இருக்குமா, உன் லாரி அதை இழுக்குமா என்றெல்லாம் மூன்று பக்கத்துக்குக் கேட்டிருக்கிறாய். ஆனால் பிரயாணம் போகாத முந்நூறு நாட்களும் அது எங்கே நிற்கும் என்ற கேள்வி மட்டும் உன் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. வாங்குகிற உற்சாகத்தில் எல்லோரும் மறக்கிற கேள்வி அது. நானும் ஒரு காலத்தில் மறந்தவன்தான். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருப்பதால், சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

உன் வீடு, உன் மனை, நீ வரி கட்டுகிற பூமி. அங்கே உன் வண்டியை நிறுத்த வேறொருவர் உத்தரவு எதற்கு என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்கான விடை, நீ வேலைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. கிளீவ்லண்டுக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் யூக்ளிட் என்ற ஊர் 1922-ஆம் ஆண்டில், அது வெறும் கிராமமாக இருந்த காலத்தில், தன் நிலத்தையெல்லாம் இன்ன பகுதி தனி வீடுகளுக்கு, இன்ன பகுதி கடைகளுக்கு, இன்ன பகுதி ஆலைகளுக்கு என்று ஆறு வகையாக வகுத்து ஒரு சட்டம் செய்தது; கட்டடத்தின் உயரத்தையும் மனையின் அளவையும்கூட அதே சட்டம் வரையறுத்தது. அங்கே ஆம்ப்ளர் என்ற மனை வியாபாரக் கம்பெனிக்கு 68 ஏக்கர் இருந்தது. ஆலைக்கென்று விற்றால் ஏக்கர் பத்தாயிரம் டாலர் பெறும், வீட்டுக்கென்று விற்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பெறாது, ஆகவே இந்தச் சட்டம் எங்கள் சொத்தைப் பறிப்பதற்குச் சமானம் என்று கம்பெனியார் வழக்காடினார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றம் ஒரு முறைக்கு இரு முறை வாதங்களைக் கேட்டு, 1926 நவம்பரில், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, கிராமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட், தொழுவத்தில் நிற்கவேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்து நிற்பதைப்போல, நல்ல பொருளும் தகாத இடத்தில் இருந்தால் உபத்திரவமாகிவிடலாம் என்ற கருத்தில் ஓர் உவமை சொன்னார். உன் டிரெய்லருக்கு வருகிற ஆட்சேபங்கள் அனைத்துக்கும் மூலம் அந்தப் பன்றிதான்.

(அந்த 68 ஏக்கரின் கதி என்னவாயிற்று என்று கேட்கிறாயா? பிற்காலத்தில் அங்கே ஆலைதான் வந்தது; ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிக்கூடு செய்யும் தொழிற்சாலை. கம்பெனி தோற்று, நிலம் ஜெயித்தது என்று சொல்லலாம். அதே தீர்ப்பு, தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடங்களை ஒட்டுண்ணி என்று இகழ்ந்ததையும் நீ மறக்கக் கூடாது. வாடகைக் குடித்தனக்காரர்களாகவே இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நமக்கு அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.)

பொதுஜன சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் நன்மைக்கும் சட்டம் செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. அதில் ஒரு பங்கை மாநிலம் ஊர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பங்கைக் கொண்டுதான் நகரசபை உன் டிரைவ்வேயைப் பற்றிப் பேசுகிறது. ஜோனிங் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊருக்கு ஊர் இது மாறும் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். நான் இருக்கும் ஊரின் எல்லைப் பலகையைத் தாண்டி அரை மைல் போனால், இங்கே குற்றமாக இருப்பது அங்கே குற்றமில்லை.

இனி என் சொந்த விருத்தாந்தம். 1988-ஆம் வருஷத்தில் நானும் எட்டடி அகலமுள்ள ஒரு டிரெய்லர் வாங்கி, கொண்டுவந்த நாளிலேயே வீட்டு முகப்பில் டிரைவ்வேயில் நிறுத்தினேன். மூன்றாம் வாரம் கதவில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது: வீட்டின் முன்சுவருக்கு முன்னால் இவ்விதமான வண்டிகள் நிற்கலாகாது, பதினான்கு நாளில் அகற்றாவிடில் நாள்தோறும் அபராதம். ஊர் ஆய்வாளர் தாமாக வீதியில் உலவி வண்டிகளைத் தேடுவதில்லை, யாரேனும் புகார் செய்தால்தான் வருவார் என்பதை நகர மண்டபத்தில் சொன்னார்கள். புகார் செய்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அபராதத்தைக்கூட நான் மறந்துவிட்டேன். ஆனால் இடப்பக்கத்து வீட்டாரா, எதிர் வீட்டாரா, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்த அந்த மூதாட்டியா என்று ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இரண்டு வருஷங்கள் வீதியில் நடந்தேனே, அதை மறக்கவில்லை. வாங்குவதற்கு முன் நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, இப்படி ஒரு வண்டி வரப்போகிறது, உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று கேட்டிருந்தால், புகார் வராமலே போயிருக்கலாம்; வந்திருந்தாலும் இன்னாரிடமிருந்து என்று தெரிந்தாவது இருக்கும்.

முகப்பில் கூடாதென்றால் பக்கவாட்டில் நிறுத்துவோம் என்று டேப்பை எடுத்தேன். சுவருக்கும் எல்லை வேலிக்கும் இடையே பத்தடி நான்கு அங்குலம். வண்டி எட்டடி. எல்லையிலிருந்து மூன்றடி விடவேண்டும் என்பது விதி. வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் எட்டு அங்குலம் குறைந்தது! எட்டு அங்குலத்துக்காக ஒரு குடும்பத்தின் விடுமுறையையே கெடுப்பார்களா என்ற நம்பிக்கையோடு, விதியில் சற்றுத் தளர்த்திக்கொடுக்கும்படி, அதாவது வேரியன்ஸ் கேட்டு, மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனுப் போட்டேன். அண்டை வீடுகளுக்கெல்லாம் தபாலில் அறிவிப்புப் போயிற்று. குறித்த நாளில் ஐந்து உறுப்பினர்கள் மேடையில் அமர்ந்தார்கள். உன் அத்தைக்கு முழங்கால் வலி, ஹோட்டல் படிகள் ஏற முடியவில்லை என்று நான் உருக்கமாகப் பேசினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மனிதருடைய கஷ்டத்தை வைத்து விதியைத் தளர்த்த முடியாது, மனையின் அமைப்பிலேயே ஏதேனும் விசேஷமான கஷ்டம், சரிவோ பாறையோ கோணலோ, இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். என் மனையோ பலகைபோல் சமதளம்.

அப்போது, அந்தக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தீயணைப்புப் படைவீரர் ஒருவர், மற்றவர்களைப்போல் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லாமல், என்னைப் பார்த்து நேராகவே விளக்கினார். மரத்தால் கட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே, சமையல் வாயு உருளைகளைச் சுமந்த இன்னொரு மரப்பெட்டியை நீங்கள் செருகுகிறீர்கள். ஒரு வீடு பற்றிக்கொண்டால் அந்தப் பெட்டி வழியாக மற்றது பற்றும். நாங்கள் ஏணியோடும் குழாயோடும் பின்கட்டுக்குப் போகவேண்டிய வழி அது. அந்த மூன்றடி எங்கள் தோளின் அகலம் என்றார். மனு தள்ளுபடியாயிற்று. நான் மனத்தாங்கல் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் முகப்பில் நிறுத்தலாகாது என்ற முதல் விதிக்கு அப்படி ஒரு விளக்கத்தை அன்றும் எவரும் சொல்லவில்லை, பிற்பாடும் சொல்லவில்லை. மூலை மனையாக இருந்து, பெரிய வண்டி சந்திப்பை மறைத்து, சைக்கிளில் வரும் குழந்தை கார்க்காரர் கண்ணுக்குப் படாமல் போகுமென்றால் அது நியாயமான காரணம். என் வீடு வீதியின் நடுவில் இருந்தது. அங்கே காரணம் ஒன்றுதான்: பார்க்க நன்றாக இல்லை, மனைகளின் மதிப்புக் குறையும். அன்று முதல், எந்த ஊரின் விதிப்புத்தகத்தை எடுத்தாலும், ஒவ்வொரு விதியையும் இது தீயணைப்பு வீரர் சொல்லும் விதியா, வீட்டுத் தரகர் சொல்லும் விதியா என்று கேட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டுமே உன்னைக் கட்டுப்படுத்தும், அதில் பேதமில்லை. அழகும் பொதுநன்மையில் அடக்கம் என்று 1954-லேயே, வாஷிங்டன் நகரத்துச் சேரி ஒழிப்பு வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் முதல் வகையை மாற்றச் சொல்லிக் கேட்பது வீண் மட்டுமல்ல, பாவமும்கூட. இரண்டாம் வகையை மாற்றலாம்.

மாற்றியும் இருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸ் என்று ஓர் ஊர். 1920-களில் வீதியும் தோரண வாயிலுமாகத் திட்டமிட்டுக் கட்டிய அழகான நகரம். அந்த அழகில் அதற்கு அபாரமான அபிமானம். வீட்டுவண்டிகளை மட்டுமல்ல, சாதாரணப் பிக்கப் லாரியைக்கூட இரவில் வீட்டு முகப்பில் நிறுத்தலாகாது என்று வெகுகாலம் விதி வைத்திருந்தது. ஒருவர் எதிர்த்து வழக்காடினார். 2010-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, விதி செல்லும் என்றது. அதோடு முடிந்தது என்று எண்ணியிருப்பார்கள். 2012-ல் அதே ஊர் வாக்காளர்கள், வாக்குப்பெட்டி மூலமாகவே லாரிகளுக்கு வழிவிட்டார்கள்.

உன் ஊரின் விதிகள் நகரசபை அலுவலகத்தில் கிடைக்கும். படிக்கும்போது அதிகாரத்தின் தலைப்பை விட்டுவிட்டு முதலில் சொற்பொருள் விளக்கத்துக்குப் போ; வீட்டுவண்டிகளைக் குறிக்கும் ஆர்.வி. என்ற சொல்லுக்குள் படகையும், படகு ஏற்றும் வண்டியையும், குதிரை ஏற்றும் வண்டியையும்கூடச் சேர்த்திருப்பார்கள். பிறகு முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் மூன்றையும் தனித்தனியே பார். புல்தரையில் நிறுத்தலாமா, சிமென்ட்டோ சரளைக் கல்லோ வேண்டுமா; ஆறடி வேலியால் மறைக்கவேண்டுமா; நீளத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு உண்டா; எத்தனை வண்டிகள். சாமான் ஏற்றி இறக்க ஒரு நாளோ இரண்டு நாளோ முகப்பில் நிறுத்திக்கொள்ளப் பல ஊர்கள் அனுமதிக்கின்றன. வண்டிக்குள் படுத்து உறங்குவதையும், வீட்டுச் சாக்கடையோடு அதன் கழிவுக் குழாயை இணைப்பதையும் அநேகமாக எல்லா ஊரும் தடுக்கின்றன. உன் மாமனார் மாமியார் கோடையில் வந்தால் அதிலேயே தங்கவைக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த யோசனைக்கு இப்போதே விடைகொடு. வீதியோரமும் பரிகாரமில்லை. கலிஃபோர்னியாவில் எழுபத்திரண்டு மணிநேரத்துக்கு மேல் அசையாமல் வீதியில் நிற்கும் வண்டியை, ஊர் விதி இருந்தால், இழுத்துக்கொண்டு போகவே சட்டம் இடம் கொடுக்கிறது.

விற்பவர், தம் வண்டி பழைய காலத்திலிருந்தே முகப்பில் நிற்பதால் அதற்கு விதிவிலக்கு உண்டு, அது "கிராண்ட்ஃபாதர்" ஆன வண்டி என்று சொன்னதாகவும், அந்தச் சலுகை வண்டியோடு உனக்கும் வருமென்று நீ நம்புவதாகவும் எழுதியிருக்கிறாய். வராது. விதி வருவதற்கு முன்பே முறையாக நடந்துகொண்டிருந்த உபயோகத்தைத் திடீரென்று பறிக்கலாகாது என்பதுதான் அந்தச் சலுகையின் சாரம். அது அந்த நிலத்தைச் சேர்ந்ததே ஒழிய, சக்கரத்தைச் சேர்ந்ததல்ல. இடையில் விட்டுவிட்டால் அங்கேயும் காலாவதியாகிவிடும். அந்தச் சொல்லின் பிறப்பும் அவ்வளவு மங்களகரமானதல்ல. கறுப்பர்களுக்கு வாக்குரிமை வருவதற்கு முன் எவன் பாட்டன் வாக்களித்தானோ அவனுக்கு எழுத்தறிவுப் பரீட்சை வேண்டாம் என்று தென் மாநிலங்கள் செய்த சூழ்ச்சிக்கு இட்ட பெயர் அது; உச்ச நீதிமன்றம் 1915-ல் அதை ஒழித்தது. சூழ்ச்சி போயிற்று, சொல் மட்டும் வாகன நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது.

நகரசபை சம்மதித்தாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. உன் வீடு வீட்டுரிமையாளர் சங்கத்துக்கு உட்பட்டதென்று ஞாபகம். வீடு வாங்கிய அன்று நீ கையொப்பமிட்ட கட்டுப்பாட்டுப் பத்திரம், சட்டமன்றம் செய்ததல்ல. நீயே ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். ஊர் அனுமதிப்பதைச் சங்கம் தடுக்கலாம். சங்கம் அனுமதிப்பதை ஊர் தடுக்கலாம். இரண்டில் எது கடுமையோ அதுவே உன்னைப் பிடிக்கும். ஹூஸ்டன் மாநகரத்தில் ஜோனிங்கே கிடையாது, 1948, 1962, 1993 என்று மூன்று தடவை வாக்காளர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்பதைக் கேட்டு, அங்கே போய்க் குடியேறினால் இஷ்டப்படி வண்டி நிறுத்தலாமென்று மயங்குகிறவர்கள் உண்டு. அங்கே இந்தப் பத்திரங்கள்தான் ஆட்சி செய்கின்றன. அவற்றை நிறைவேற்ற நகர வழக்கறிஞரே கோர்ட்டுக்குப் போகலாம். இந்த நாட்டில் ஒரு காலத்தில் இதே மாதிரிப் பத்திரங்கள் கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் ஆசியர்களுக்கும் வீடு விற்கலாகாது என்றன. 1948-ல்தான், அப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக்கொடுக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே பத்திரம் என்றதும் பணிந்துவிடவும் வேண்டாம், படிக்காமல் எறியவும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. நம்மைப்போல் உல்லாசத்துக்காக அன்றி, வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டியிலேயே வசிப்பவர்களும் இந்தத் தேசத்தில் ஏராளம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் அவர்களை விரட்ட வைத்திருந்த விதியை, எது குற்றம் எது குற்றமல்ல என்றே விளங்காத தெளிவின்மைக்காக, 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. உன் வாசலில் வெறுமையாய் நிற்கும் வண்டியைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோமே என்று, இதை எழுதுகையில் எனக்குச் சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

வண்டியை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. என் டிரெய்லர் பதினோரு வருஷம், ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தில் நின்றது. ஆனாலும் ஸ்மோக்கி மலையையும் சுப்பீரியர் ஏரியையும் உன் அத்தைக்குக் காட்டியது அதுதான். அந்த வாடகையையும் விலையோடு கூட்டிக் கணக்குப் பார். சனிக்கிழமை காலையில் வருகிறேன். அதற்குள் சங்கத்தின் பத்திரத்தைத் தேடி எடுத்து வை. வண்டியின் அகலத்தை, ஓரத்துக் கூடாரத்துணி சுருட்டிய குழலையும் சேர்த்து, விற்பவரிடம் அங்குலக் கணக்கில் கேட்டு வை. டேப்பை நான் கொண்டுவருகிறேன்.

உன் அன்புள்ள
மாமா