ஒளிபரப்பு இதழியல் முதுநிலை படிக்கப் போகிறீர்களா?
டெல்லி இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் (ஐ.ஐ.எம்.சி.) வானொலி, தொலைக்காட்சி இதழியலுக்கென்றே முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கேமராவும் எடிட்டிங் அறையும் வாரத்தில் எத்தனை மணி நேரம் கைக்குக் கிடைக்கும் என்று சீனியர்களிடம் கேளுங்கள்.

சேர்ந்தபின் பேட்டி எடுக்கப் போனால் ஹெட்போன் மாட்டாமல் பதிவைத் தொடங்கவே வேண்டாம். மின்விசிறி இரைச்சலும் காலர் மைக்கில் சேலைத் தலைப்பு உரசும் சத்தமும் நேரில் உறைக்காது. எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் பூதமாகக் கிளம்பும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், அந்த அறையின் வெறும் ஒலியை 30 விநாடி தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். பேட்டியின் பேச்சுத் துண்டை (பைட்) வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் இருக்க அது கட்டாயம் உதவும்.

ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடியாவது அசையாமல் பிடியுங்கள். எழுதிய செய்தியை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.