மஜ்ஜை மாற்றுக்குப் பின்: நோய் திரும்பியதா, மருந்தின் வேலையா?

ரத்த அணுக்கள் குறைந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தாலே வீடு கலங்கிவிடும். அழுவதற்கு முன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

1. எல்லா மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். தொற்றைத் தடுக்கத் தரும் கோ-ட்ரைமாக்சசோல், வால்கான்சிக்ளோவிர் இரண்டுமே வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியவை.

2. ஜி-சி.எஸ்.எஃப் ஊசி போட்ட தேதியை ரிப்போர்ட்டிலேயே குறித்துவையுங்கள். வெள்ளணுக்களைக் கூட்டுவதுதான் அதன் வேலை. கூடவே எலும்பு வலியைத் தரும், முதிராத அணுக்களையும் ரத்தத்துக்குள் தள்ளும். மூன்றும் சேர்ந்தால் நோய் திரும்பியதுபோலவே தெரியும். ஸ்டீராய்டும் வெள்ளணுக்களை ஏற்றும்.

3. கை நடுங்குகிறதா? தானமாக வந்த அணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய காலை மாத்திரையைப் போடுங்கள். முன்பே போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். புதிதாகப் பூஞ்சை மருந்து சேர்ந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், பல பூஞ்சை மருந்துகள் இந்த அளவை ஏற்றிவிடும்.

4. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்ரோலிமஸ் நின்றால், தானமாக வந்த அணுக்கள் உங்கள் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம்.

5. 100.4 டிகிரி காய்ச்சல், ரத்தக்கசிவு, வலிப்பு, பார்வை மங்கல்: காரணம் தேடாதீர்கள், இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.