மொய் நோட்டும் கியூஆர் கோடும்: சிறு அமைப்புகள் இணையத்தில் நன்கொடை திரட்டும் வழி

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக ஏறும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் லட்சக்கணக்கான ரூபாய் இப்படித்தான் கைமாறுகிறது. கொடுத்தது எழுதப்பட்டிருக்கிறது, மறந்து போகாது என்ற நம்பிக்கைதான் அந்த மேசையின் பலம்.

ஒரு சிறு அறக்கட்டளையோ படிப்பகமோ ஏரி காக்கும் இளைஞர் குழுவோ இணையத்தில் நன்கொடை கேட்கும்போதும் இதே நம்பிக்கைதான் வேண்டும். வாட்ஸ்அப், கியூஆர் கோடு, நிதி திரட்டும் தளம் எல்லாம் மேசை மட்டுமே. நோட்டு ஒழுங்காக இருந்தால்தான் மேசைக்கு ஆள் வரும். நான் ஒரு கிராமத்து மாலைப் படிப்பகத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்த அனுபவத்தில் கற்றதை வரிசைப்படி சொல்கிறேன்.

1. முதலில் பெயரும் கணக்கும்

நாங்கள் முதன்முதலில் வைத்த கியூஆர் கோடு எங்கள் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்குக்கானது. பதிவு வேலை முடியட்டும், அதுவரை இது போதும் என்று நினைத்தோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போனை எடுத்து ஸ்கேன் செய்தார். திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "தம்பி, இது யார் கணக்கு? படிப்பகம் பேரு வரலையே" என்றார். பணம் கேட்ட இடத்தில் ஒரு தனி மனிதரின் பெயர் தெரிந்தால், நல்லெண்ணம் உள்ளவரும் கையை இழுத்துக்கொள்வார். அவர் செய்தது சரி.

அதனால் இணையத்துக்குப் போகும் முன் இவற்றை முடித்துவிடுங்கள்:

பதிவு: அறக்கட்டளையாகப் பத்திரம் பதியலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதியலாம். பெரிதாக வளரும் எண்ணம் இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனியாகவும் தொடங்கலாம்.

பான் அட்டையும் வங்கிக் கணக்கும்: இரண்டும் அமைப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

தர்ப்பண் எண்: நீதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் இலவசமாகப் பதிந்து ஒரு தனி அடையாள எண் பெறலாம். அரசு மானியம் கேட்கும்போது இதைக் கேட்பார்கள்.

12ஏபி, 80ஜி: முதலாவது, அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. இரண்டாவது, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருவது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவுகள் இவை. அதற்குப் பதிலான 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. விண்ணப்பிக்கும்போது ஆடிட்டரிடம் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரிச்சலுகையைப் பெரிதாக விளம்பரம் செய்ய வேண்டாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி சலுகை இல்லை. பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

2. கேட்பதைக் கைக்கு அடங்கும்படி கேளுங்கள்

"ஏழை மாணவர்களின் கல்விக்கு உதவுங்கள்" என்ற வரியை நாம் தினமும் பார்க்கிறோம், தினமும் கடந்து போகிறோம். எவ்வளவு, எதற்கு, எதுவரை என்பது அதில் இல்லை. ஒரு நோட்டில் செலவைப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

எங்கள் படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சுண்டல் 10 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 260. நோட்டு, பேனா 70. மாதிரி வினாத்தாள் ஜெராக்ஸ் 80. மின்கட்டணத்தில் பங்கு 40. மொத்தம் மாதம் 450 ரூபாய். 22 பிள்ளைகளுக்கு 9,900. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதத்துக்கு 49,500.

ஐம்பதாயிரம் என்று கேட்டால் மலைப்பவர்கூட, ஒரு பிள்ளையின் ஒரு மாதம் 450 ரூபாய் என்றால் யோசிக்காமல் ஏற்றுக்கொள்வார். உங்கள் வேலை ஏரி தூர்வாருவதாக இருந்தால் ஜேசிபி ஒரு மணி நேர வாடகை. மரம் நடுவதாக இருந்தால் ஒரு கன்றும் அதன் கூண்டும் இரண்டு கோடைக்குத் தண்ணீரும். இப்படி ஓர் அலகைக் கண்டுபிடித்த பிறகுதான் போனைக் கையில் எடுக்க வேண்டும்.

3. தேடினால் கிடைக்கும் இடம் ஒன்று

உங்கள் செய்தியைப் படித்தவர் அடுத்து கூகுளில் உங்கள் அமைப்பின் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் சந்தேகம் வரும். பெரிய இணையதளம் தேவையில்லை. கூகுள் சைட்ஸில் ஒரே ஒரு பக்கம் போதும், காசு கிடையாது. பதிவு எண், தர்ப்பண் எண், நிர்வாகிகளின் பெயர், முகவரி, கடந்த ஆண்டு வரவு செலவு, இந்த ஆண்டுத் தேவை ஆகிய ஆறும் அதில் இருக்கட்டும். கூகுள் மேப்பில் உங்கள் இடத்தையும் பதிந்துவிடுங்கள், அதுவும் இலவசம்.

பதிவுபெற்ற அமைப்புகளுக்கு 'கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ்' என்ற திட்டம் இந்தியாவிலும் உண்டு. அமைப்பின் பெயரில் மின்னஞ்சல் முதலிய வசதிகள் கட்டணமில்லாமல் கிடைக்கும். சொந்த இணையதளம் உள்ளவர்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்பு வரை தேடல் விளம்பரமும் தருகிறார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசு அமைப்புகளும் இதில் சேர முடியாது. சுவரொட்டி, அழைப்பிதழ் வடிவமைக்கும் கேன்வா செயலியும் இத்தகைய அமைப்புகளுக்குத் தன் கட்டணச் சேவையை இலவசமாகத் தருகிறது.

படங்களில் கவனம் வேண்டும். அழுகிற பிள்ளையின் முகத்தைப் போட்டுப் பணம் கேட்காதீர்கள். நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. மற்ற பிள்ளைகளுக்கும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வரிசையாகக் கிடக்கும் செருப்புகள், கரும்பலகையில் பாதி போட்ட கணக்கு, சுண்டல் பாத்திரத்தைச் சுற்றி நீளும் கைகள் ஆகியவையே போதுமான கதை சொல்லும்.

4. வாட்ஸ்அப்பில் பேசுவது எப்படி

சிறு அமைப்புகளுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி தெரிந்தவர்களிடமிருந்தும், அவர்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும்தான் வரும். எனவே ஃபேஸ்புக் பக்கத்தில் லைக் எண்ணுவதைவிட வாட்ஸ்அப்பில் நேரம் செலவிடுவது நல்லது.

அமைப்புக்கென்று தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் போடுங்கள். எல்லோரையும் ஒரே குழுவில் சேர்க்க வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் செய்தி காணாமல் போகும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் வேலை, ஒவ்வொருவரிடமும் பேசி எண்ணைச் சேமிக்கச் சொல்வது.

பணம் கேட்கும் முதல் செய்தியை மட்டும் மொத்தமாக அனுப்பாதீர்கள். பெயர் சொல்லி, தனித்தனியாக எழுதுங்கள். நாங்கள் எழுதியது இது:

"அண்ணா, வணக்கம். நம்ம ஊர் மாலைப் படிப்பகத்தில் இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர் படிக்கிறார்கள். தினமும் இரவு எட்டு மணி வரை வகுப்பு. ஒரு பிள்ளைக்கு மாதம் 450 ரூபாய் ஆகிறது, கணக்கு கீழே இருக்கிறது. ஒரு பிள்ளையின் ஒரு மாதத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியாவிட்டாலும் ஒரு மாலை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

கடைசி வரியை வெறும் மரியாதைக்கு எழுதாதீர்கள். வந்து பார்த்தவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் கூட நிற்கிறார்கள்.

5. பணம் வரும் வழி, ரசீது போகும் வழி

அமைப்பின் கணக்கு உள்ள வங்கியிலேயே கியூஆர் கோடு கேட்டு வாங்குங்கள். அச்சடிக்கும் முன் இரண்டு மூன்று வேறு செயலிகளில் ஸ்கேன் செய்து, திரையில் அமைப்பின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

யூபிஐயில் பணம் வருவது சுலபம், கொடுத்தவர் யார் என்று அறிவது கடினம். அதனால் கியூஆர் கோடு கூடவே ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பும் கொடுங்கள். பெயர், முகவரி, தொகை, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், வரிச்சலுகை வேண்டுவோருக்குப் பான் எண். இவ்வளவு போதும், ஆதார் படம் கேட்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி ரசீது போடாதீர்கள். 12 இலக்க எண்ணை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள்.

பெயர் தெரியாத நன்கொடை வரம்பு தாண்டிச் சேர்ந்தால் வரி கட்ட வேண்டி வரும். 80ஜி பெற்ற அமைப்புகள் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் இதற்கு 10பிடி படிவம் என்று பெயர். தாமதமானால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். இதைச் செய்தால்தான் கொடுத்தவருக்கு வரிச்சலுகைச் சான்று கிடைக்கும். அன்றன்று வரும் பணத்தை அன்றன்றே கூகுள் ஷீட்டில் ஏற்றினால் மே மாதத்தில் பதற்றம் இருக்காது.

6. நிதி திரட்டும் தளங்கள்

மிலாப், கெட்டோ, கிவ் போன்ற தளங்கள் அவசரத் தேவைக்கும், முடிவு தேதி உள்ள ஒரே வேலைக்கும் ஏற்றவை. கூரை மாற்றுவது, ஆழ்துளைக் கிணறு போடுவது, வெள்ளத்தில் நனைந்த நூலகத்தை மீட்பது போன்றவை. மாதாமாதம் வரும் சுண்டல் செலவுக்கு அவை சரிப்படாது.

தளத்தில் பதிந்துவிட்டால் முகம் தெரியாதவர்கள் வந்து கொட்டுவார்கள் என்று எண்ண வேண்டாம். பக்கம் திறந்த அன்றே உங்கள் நெருங்கிய பத்துப் பேர் பணம் போட்டிருக்க வேண்டும். காலியான உண்டியலில் முதல் காசு போட யாரும் விரும்புவதில்லை. சேவைக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையெல்லாம் படித்துப் பார்த்து, இலக்குத் தொகையில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுவதும் தான் உத்சவ் என்ற கொடை வாரம் நடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் பழைய மாணவர்கள், பள்ளி திறக்கும் ஜூன் ஆகியவையும் கேட்பதற்கு ஏற்ற காலங்கள்.

7. கடல் கடந்து வரும் பணம்

இதில்தான் பல நல்ல அமைப்புகள் தெரியாமல் சிக்கிக்கொள்கின்றன. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர் ஆசையாக அனுப்புகிறார், வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றும். அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதே கேள்வி. இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், தமிழராக இருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நிதி.

அதை வாங்க 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். மீறினால் தண்டனை சிறை வரை போகும். இந்தப் பதிவு உங்களிடம் இல்லை என்றால், நிதி திரட்டும் தளத்தில் வெளிநாட்டுப் பணம் வரும் வழியை மூடிவைக்கச் சொல்லுங்கள். உறவினரிடம் அன்பாக மறுத்துவிட்டு, விடுமுறையில் வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆங்கிலம் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

8. கணக்கைத் திருப்பிச் சொல்லுங்கள்

கடைசிப் படி, எல்லாவற்றிலும் முக்கியமானது. பணம் வந்த 24 மணி நேரத்துக்குள் ரசீதும் நன்றியும் போக வேண்டும். மாதக் கடைசியில் ஒரு பக்கக் கணக்கு: வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. ஒரு பில்லின் படம், இடத்தின் ஒரு படம். நினைத்தது நடக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். ஒரு மாதம் எங்கள் கணித ஆசிரியர் வரவில்லை, வினாத்தாள் பணம் மிஞ்சியது. அப்படியே எழுதினோம். யாரும் கோபிக்கவில்லை, ஒருவர் ஆசிரியர் தேடித் தந்தார்.

அந்தத் தலைமை ஆசிரியருக்கு வருகிறேன். படிப்பகத்தின் பெயரில் கணக்கு திறந்ததும் புதிய கியூஆர் கோடோடு அவர் வீட்டுக்குப் போனோம். பெயரைப் பார்த்தார், 450 ரூபாய் அனுப்பினார். மாதக் கணக்கை அவருக்கும் அனுப்பினோம். அதை அவர் தன் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "கணக்கு சரியாக இருக்கிறது. நான் கொடுத்திருக்கிறேன்." அடுத்த வாரம் எங்கள் ஷீட்டில் நாங்கள் அறியாத ஏழு பெயர்கள் ஏறின.