இரட்டை இன்ஜின் விமானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஓசூரில் விமானப் பேச்சு பலமாகிவிட்டது. ஆனால் இந்த ஊருக்கு விமானம் புதிதல்ல. ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் சுமார் 7,000 அடி நீள ரன்வே இருக்கிறது. அங்கே 1990களிலேயே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், இத்தாலியின் பார்டனாவியா பி-68சி என்ற ஆறு பேர் அமரும் இரட்டை இன்ஜின் விமானத்தைத் தயாரித்தது. இத்தகைய சிறு விமானங்களைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: ஒரு இன்ஜின் நின்றாலும் பாதித் திறன் மிஞ்சும்.

உண்மை: பாதி சக்தி மிஞ்சும், மேலே ஏறும் திறனிலோ 80 சதவீதத்துக்கு மேல் பறிபோய்விடும். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு சம்பளம் நின்றால் செலவு குறையாது, சேமிப்புதான் கரையும். உயரம் குறையாமல் பறப்பதற்கே பெரும்பகுதி சக்தி செலவாகிறது. அதற்குமேல் மிஞ்சுவதுதான் விமானத்தை ஏற்றுகிறது. 2,722 கிலோவுக்கு மேற்படாத, குறைந்த வேகத்திலும் பறக்கக்கூடிய இரட்டை இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினில் ஏறிக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கச் சான்றிதழ் விதி நெடுங்காலம் கேட்கவே இல்லை.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்று 6,000 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்துவிடும். டர்போ இல்லாத பிஸ்டன் இன்ஜின் அப்போது ஆறில் ஒரு பங்கு சக்தியையாவது இழந்திருக்கும்.

நம்பிக்கை: ஒன்று நின்றால் மற்றதை முழு வேகத்தில் முடுக்கினால் போதும்.

உண்மை: ஓடும் இன்ஜின் விமானத்தை நின்றுபோன இன்ஜின் பக்கமாகத் திருப்பும். அதை வால் சுக்கான்தான் எதிர்த்து நிறுத்த வேண்டும். வேகமானியில் சிவப்புக் கோடு காட்டும் வேகத்துக்குக் கீழே போனால் சுக்கானுக்கு அந்த வலு இருக்காது. விமானம் புரண்டு கவிழும். அந்த நிலையில் ஓடும் இன்ஜினின் சக்தியைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை மீட்பதே வழி. உயரம் இல்லையென்றால், கட்டுப்பாட்டோடு நேரே முன்னால் இறக்குவது கவிழ்வதைவிட எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: இறங்கும்போது சரிப்படாவிட்டால் மறுபடி மேலே போய்ச் சுற்றி வரலாம்.

உண்மை: இரண்டு இன்ஜினும் ஓடினால் சரி. ஒற்றை இன்ஜினில், ஃப்ளாப் முழுவதும் விரிந்து, வேகம் குறைந்து, தரை நெருங்கிய நிலையில் முழு சக்தி கொடுத்தால் திருப்பும் விசை உச்சத்தில் இருக்கும். ஏறும் திறனோ இருக்காது. ஆகவே குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால் இறங்குவது என்ற ஒரே முடிவுதான். ரன்வேயை எட்டுவது உறுதியாகும்வரை ஃப்ளாப்பை முழுவதும் விரிக்கக் கூடாது.

நம்பிக்கை: நின்ற இன்ஜினை வானிலேயே எளிதாகக் கிளப்பிவிடலாம்.

உண்மை: 2009 மார்ச் 6 அன்று பெங்களூரிலிருந்து கிளம்பிய தேசிய வான்வெளி ஆய்வகத்தின் (என்.ஏ.எல்.) சரஸ் சோதனை விமானம் பிடதி அருகே விழுந்தது. ஒரு இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பார்க்கும் சோதனை அது. விமானப்படையின் தேர்ந்த அதிகாரிகள் மூவர் உயிரிழந்தார்கள். மீண்டும் கிளப்புவதற்கு வடிவமைப்பாளர் வகுத்த முறை தவறானது, அதைச் செய்த உயரமும் போதவில்லை என்று விசாரணை கண்டது.

நம்பிக்கை: இரண்டும் ஒரே நேரத்தில் நிற்க வாய்ப்பே இல்லை.

உண்மை: இன்ஜின் இரண்டானாலும் நிரப்பும் எரிபொருள் ஒன்றுதான். டாங்கில் தண்ணீர் கலந்தாலும், பெட்ரோலில் ஓடும் பிஸ்டன் இன்ஜினுக்கு ஜெட் எரிபொருளை ஊற்றினாலும், கணக்குத் தவறி எரிபொருள் தீர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

பைலட் ஆகப் பயிலும் இளைஞர்களே, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் கையேட்டை விரித்துக் கணக்கிடுங்கள்: இந்த எடையோடு, இன்றைய வெயிலில், ஒற்றை இன்ஜினில் ஏற முடியுமா? முடியாது என்றால் சுமையைக் குறையுங்கள், அல்லது விடியற்காலைக் குளிரில் பறங்கள். எந்த இடத்தில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.