தலை ஒடிந்த கிதார்: ஒட்டினால் நிற்குமா?

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். கல்லூரி பேண்டில் வாசிப்பதற்காக, இரண்டு வருடம் சேர்த்த காசில் லெஸ் பால் மாடல் எலக்ட்ரிக் கிதார் ஒன்றைப் பழையதாக வாங்கினான். போன வாரம் வீடு பெருக்கும்போது, சுவரில் சாத்தியிருந்த கிதார் பையில் என் கை பட்டுச் சரிந்துவிட்டது. பைக்குள்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். திறந்து பார்த்தால், முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் பின்பக்கம் பிளந்து, முன்பக்கத்து மெல்லிய ஏட்டில் தொங்குகிறது. அவன் என்னைத் திட்டவில்லை. ஆனால் பேசுவதையே குறைத்துவிட்டான். கடையில், "இதை ஒட்டினால் நிற்காது, புதுசு வாங்குங்கள்" என்கிறார்கள். எங்கள் தெரு மர ஆசாரி, பசை போட்டு இரண்டு ஸ்க்ரூ அடித்துத் தருவதாகச் சொல்கிறார். மகன் சூப்பர் குளூ வாங்கி வைத்திருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? என் மாமியாரின் தஞ்சாவூர் வீணை நாற்பது வருடமாக இதே வீட்டில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆனதில்லை. நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கிறது. பூஜை வைப்புக்குள் சரியாகுமா?
— ஒரு வாசகி, ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்

பதில்: அம்மா, முதலில் அந்த சூப்பர் குளூவை எடுத்து எங்காவது வைத்துப் பூட்டுங்கள். அது உள்ளே போகாத வரை உங்கள் கிதார் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, தந்திகளைத் தளர்த்திக் கழற்றச் சொல்லுங்கள். ஆறு தந்திகளும் சுருதி சேர்ந்த நிலையில் 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். தலைப்பகுதியை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும் அந்த விசை, பின்பக்கத்துப் பிளவை மணிக்கு மணி அகலமாக்கும். தந்தி கழன்றதும், பிளவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். விரல் எண்ணெய் மரத்தின் நாரில் பட்டால் பசை பிடிக்காது. உதிர்ந்த சிம்பு எதுவாயிருந்தாலும், அரிசி அளவுதான் என்றாலும், பை முழுக்கத் தேடி ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்தச் சிம்புகள் இருந்தால் ஒட்டு தலைமயிர் அளவு கோடாகத் தெரியும். இல்லையென்றால் அங்கே பள்ளம் விழும்.

இனி உங்கள் மனதை அரிக்கும் விஷயம். கை பட்டது உண்மை. ஆனால் அந்த இடம் உடைவதற்குக் காத்திருந்த இடம். லெஸ் பால் மாடலை கிப்ஸன் நிறுவனம் 1952-ல் கொண்டுவந்தது. கழுத்து மகோகனி மரம், தலைப்பகுதி பின்னோக்கி 17 பாகை சாய்ந்திருக்கும். கழுத்தையும் சாய்ந்த தலையையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுப்பார்கள். பலகையின் இழை கழுத்து நெடுக நேராக ஓடும். தலை சாயும் இடத்திலோ இழை குறுக்கே வெட்டுப்பட்டு, மரத்தைவிட்டு வெளியே ஓடிவிடும். விறகைக் குறுக்கே பிளப்பது கடினம், இழையோடு பிளப்பது எளிது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எளிய வழி சரியாக இங்கே அமைந்துவிடுகிறது.

போதாததற்கு, தலைப்பகுதியில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, அதைக் கழற்றிப் பாருங்கள். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை முடுக்க, அங்கே மரத்தைக் குடைந்து குழி எடுத்திருப்பார்கள். கழுத்து மிகவும் குறுகலான இடமும் அதுதான். குழிக்குக் கீழே மிஞ்சுவது சில மில்லிமீட்டர் மரம். அதன் முனையில் ஆறு உலோக முறுக்காணிகளின் கனம். கிதார் சரிந்து உடல் தரையில் நின்றுவிட்டாலும், அந்தக் கனம் நிற்காமல் போன திசையிலேயே போகப் பார்க்கும். அதனால்தான் தலை எதிலும் இடிக்காமலே, பைக்குள்ளேயே ஒடிந்தது. கிப்ஸனே 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்துப் பார்த்தது. 1970-களில் அந்த இடத்தின் பின்புறம் மரத்தைப் புடைப்பாக விட்டும் செய்தது. இரண்டையும் பின்னால் கைவிட்டு, பழைய வடிவத்துக்கே திரும்பியது. வாங்குகிறவர்கள் பழைய வடிவத்தையே விரும்பினார்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் கிதார்களில் தலை சாயாமல் நேராக இருக்கும், மரம் மேப்பிள். அவை இப்படி ஒடிவது அபூர்வம். அப்படியே ஒடிந்தாலும் கழுத்தை உடலோடு சேர்ப்பது நான்கு ஸ்க்ரூதான், கழற்றி வேறு மாட்டலாம். உங்களுடையதில் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டது. அதை மாற்றுவதைவிட, ஒடிந்ததைச் சேர்ப்பதே நல்லது.

கடையில் சொன்னது தவறு. நல்ல ஒட்டு நிற்கும். இழையோடு நீளமாகப் பிளந்த மரத்தைச் சரியான பசையால் இறுக்கி ஒட்டினால், அடுத்த முறை அடிபட்டால் ஒட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மரம்தான் உடையும். இதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. மாமியாரின் வீணை ஏகாண்டமா, ஒட்டு வீணையா என்று பாருங்கள். ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத் தனி மதிப்பு. ஆனால் குடம், தண்டி, யாளி மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணைகள் தலைமுறை தலைமுறையாக மேடையில் ஒலிக்கின்றன. வீணைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. அதை யாரும் சுவரில் சாத்துவதில்லை, பாயில் படுக்கவைக்கிறார்கள்.

சூப்பர் குளூ ஏன் கூடாது? அது கண்ணாடி போல இறுகும். தட்டினால் விடும். பிளவின் அடி வரை போய்ச் சேருமுன் பிடித்துக்கொள்ளும், பாதி திறந்தபடியே கோணலாக நின்றுவிடும். அப்புறம் நாரெல்லாம் அதைக் குடித்திருக்கும், வேறு பசை ஏறாது. அப்படி வந்த கிதார்களை நான் சரிசெய்திருக்கிறேன். ஒட்டும் வேலை ஒரு மணி நேரம் என்றால், பழைய பிசினைச் சுரண்டும் வேலை இரண்டு நாள். ஆசாரி சொல்லும் ஸ்க்ரூவும் வேண்டாம். மெலிந்த மரத்தில் அது புதுப் பிளவுக்கு ஆப்பு வைத்த மாதிரி. அலமாரிக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசையும் இங்கே ஆகாது. இரவும் பகலும் இழுவை இருக்கும் இடத்தில், திருவனந்தபுரத்து வெக்கையில், அது மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். சாய்வு மாறும், சுருதி நிற்காது. இதற்கு வேண்டியது இசைக்கருவிக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசை, அல்லது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் நம் பழைய வஜ்ஜிரம். மஞ்சள் பசை நன்றாக இறுகும். வஜ்ஜிரம் இன்னும் மேல். சூடும் ஈரமும் காட்டினால் பின்னால் பிரிக்கவும் முடியும். ஆனால் ஆறுமுன் வேலையை முடிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

நல்ல கைகாரர் செய்வதை உங்கள் மகன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவர் முதலில் பசையே இல்லாமல் கிளாம்ப் போட்டுப் பார்ப்பார். கழுத்தின் வளைவுக்கு ஏற்பக் கடைந்த கட்டைகள், அவற்றின் மேல் கார்க், அதன்மேல் மெழுகுத் தாள். பிளவு முழுதும் மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தபிறகுதான் பசையை எடுப்பார். டிரஸ் ராடின் மரையில் மெழுகு தடவுவார், இல்லையென்றால் ராடும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிளவை இம்மி அளவு விரித்து, மெல்லிய தகட்டால் பசையை உள்ளே தள்ளி, மூடித் திறந்து மூடி, அடிவரை உறிஞ்சவைப்பார். இதெல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். கிளாம்பை முடுக்கும்போது ஒடிந்த கோடு நெடுக, விட்டுப் போகாமல், முத்து முத்தாகப் பசை கசிய வேண்டும். ஓரிடத்தில் கசியாவிட்டால் அங்கே பசை இல்லை என்று பொருள்.

பிளவின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர் இருந்தால் பசை மட்டும் போதும். குட்டையாக, குறுக்கே ஒடிந்திருந்தால், டிரஸ் ராடின் இரு பக்கமும் வாய்க்கால் வெட்டி, நேர் இழையுள்ள மரத்துண்டை உள்ளே பதித்து ஒட்ட வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பின்பக்கம் பிளந்து முன்பக்கம் தொங்குகிறது என்பதால், முதல் வகையாகத்தான் தோன்றுகிறது. கையில் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும்.

வெளிப்பூச்சைப் பற்றி ஒரு சொல். ஒட்டின் கோட்டை மறைக்க உடனே லாக்கர் அடிக்கச் சொல்லாதீர்கள். ஈரக்காற்றில் அடித்த லாக்கர் வெள்ளை பூத்துப்போகும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் வாங்கும் ஊர் உங்களுடையது. வெயில் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்தக் கோடு தெரிந்தே இருக்கட்டும். தலை ஒட்டிய பழைய கிதார்கள் ஏறக்குறையப் பாதி விலைக்குத்தான் போகும், விற்கும்போது மறைப்பது நியாயமும் இல்லை. உங்கள் மகன் விற்கப்போவதில்லை, வாசிக்கப் போகிறான். நாதத்தில் வித்தியாசம் தெரியாது.

சரியானதும் சுவரில் சாத்துவதை நிறுத்துங்கள். உயரம் குறைந்த ஸ்டாண்டோ, சுவரில் ஆணியடித்த கொக்கியோ போதும். பயணத்துக்குக் கெட்டிப் பெட்டி வாங்கினால், கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தலை எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி பாருங்கள்.

நாள் கணக்கு இதுதான்: கிளாம்ப் ஒரு முழு நாள். அதன்பின் தந்தி இல்லாமல் ஒரு வாரம், மழை பிடித்துக்கொண்டால் பத்து நாள். இந்த வாரமே கொடுத்தால் பூஜை வைப்புக்குக் கிதார் வீட்டில் இருக்கும். தந்தி கட்டாமலே வீணைக்குப் பக்கத்தில் படுக்கவைத்துப் பூஜையில் வையுங்கள். விஜயதசமி காலையில் எடுத்து, புதுத் தந்திகளை உங்கள் மகனையே கட்டச் சொல்லுங்கள்.